பாங்காக் கிராண்ட் பேலஸும் மரகத புத்தர் கோயிலும்: எந்த வரிசைல பாக்கணும், எங்க தடுமாறுவோம் – முழு வழிகாட்டி

பாங்காக் போற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் கிராண்ட் பேலஸை ஒரு மணி நேரத்துல சுத்திட்டு, ஒரே வெயில், ஒரே கூட்டம், ஒண்ணும் புரியலன்னு வெளிய வந்துடறாங்க. ஊர்லருந்து வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு பல பேரைக் கூட்டிட்டுப் போய் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது, இடம் அப்படி இல்ல, போற வரிசைதான் தப்பா இருக்கு. என்ன உடுத்திட்டு எத்தன மணிக்குப் போய் உள்ள எதை முதல்ல பாக்கணும்ங்கறது சரியா இருந்தா அரை நாள் போறதே தெரியாது.

கோயிலும் அரண்மனையும் ஒரே மதில் சுவருக்குள்ள இருக்கு, டிக்கெட்டும் ஒண்ணுதான். கோயிலோட பேரு வாட் பிரா கேவ், அங்கதான் மரகத புத்தர் இருக்கார்.

1. முதல்ல நாளையும் நேரத்தையும் முடிவு பண்ணுங்க

தினமும் காலைல 8:30-க்கு திறக்கறாங்க, மதியம் 3:30-க்கு டிக்கெட் கொடுக்கறத நிறுத்திடுவாங்க. நம்ம ஊர் கோயில் மாதிரி சாயங்காலம் போய்க்கலாம்னு நெனச்சு நாலு மணிக்கு போய் நிக்கறவங்க நிறைய பேர், அந்த நேரத்துக்கு உள்ள விடவே மாட்டாங்க.

திங்கள்லருந்து வெள்ளிக்குள்ள ஒரு நாள் எடுங்க. கூட்டம் கம்மியா இருக்கும்ங்கறதவிட பெரிய காரணம், அரண்மனை தர்பார் மண்டபங்கள்ல உள்ள விடற மண்டபங்களை வார நாள்லதான் திறக்கறாங்க, சனி ஞாயிறுல போனா வெளியிலருந்து பாத்துட்டு வரணும். டிக்கெட்டோட சேர்ந்து வர்ற கோன்ங்கற தாய் முகமூடி நாட்டியமும் வார நாள்லதான்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் அரண்மனையோட அதிகாரபூர்வ தளத்த ஒரு தடவ பாத்துடுங்க. இது இன்னமும் அரச சடங்குகள் நடக்கற இடம், அதனால சில நாள் ஒரு பகுதிய மூடுவாங்க, சில நாள் முழுசாவே மூடுவாங்க. 2016 அக்டோபர்ல ஒன்பதாம் ராமா மன்னர் (இப்ப ஆளற சக்ரி வம்ச மன்னர்களை ராமான்னு நம்பர் போட்டு சொல்வாங்க) காலமானப்போ அவர் உடலை ஒரு வருஷம் இங்க துசித் மஹா பிரசாத் மண்டபத்துலதான் வச்சிருந்தாங்க, லட்சக்கணக்கான மக்கள் கறுப்பு உடுத்தி வரிசைல நின்னாங்க. அந்த மாதிரி காலத்துல உள்ள போக முடிஞ்சாலும் அடக்கமான நிறத்துல உடுத்திட்டுப் போறதுதான் மரியாதை.

மாசம்னு பாத்தா நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் தாங்கற மாதிரி இருக்கும். ஏப்ரல்ல போறதா இருந்தா காலைல சீக்கிரம் போகாம இருக்கவே கூடாது, உள்ள பாதி இடம் வெள்ளை கல் தரை, வெயில் மேலருந்தும் அடிக்கும் கீழருந்தும் அடிக்கும்.

2. டிரெஸ்: பாதி பேர் இங்கதான் மாட்டறாங்க

கேட்லயே நிறுத்திப் பாப்பாங்க. ஷார்ட்ஸ், த்ரீ ஃபோர்த், மினி ஸ்கர்ட், கை இல்லாத மேல்சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ், உடம்ப ஒட்டின லெக்கிங்ஸ், உள்ள தெரியற மெல்லிசு துணி, இதெல்லாம் கூடாது.

நம்ம பெண்கள் அதிகமா மாட்டறது லெக்கிங்ஸ்லதான். மேல நீளமா குர்தி போட்டிருக்கோமே என்ன ஆகப்போகுதுன்னு வந்துடறாங்க, ஆனா குர்தி பக்கவாட்டுல கீறல் வச்சிருந்தா கேட்ல இருக்கறவங்க கண்டிப்பா நிறுத்தலாம். லூசான சல்வார் இல்ல பலாசோ போட்டுட்டா பேச்சே இல்ல. சேலை கட்டினா ஜாக்கெட்டுக்கு கை இருக்கணும்.

இன்னொண்ணு, ஸ்லீவ்லெஸ் போட்டுட்டு மேல ஒரு துப்பட்டாவ போத்திக்கலாம்னு கணக்கு போடாதீங்க. மத்த கோயில்ல சரின்னு விடுவாங்க, இங்க போத்தறத பெரும்பாலும் ஒத்துக்கறதில்ல, தச்ச கை இருக்கற சட்டைதான் வேணும்.

ஆம்பளைங்க முழு பேன்ட், கை வச்ச டி ஷர்ட், அவ்வளவுதான். காட்டன் பேன்ட் போடுங்க, ஜீன்ஸ் போட்டா அந்த புழுக்கத்துல ஒரு மணி நேரத்துலயே சோர்ந்துடுவீங்க.

தப்பா போய்ட்டீங்கன்னா எதிர்ல இருக்கற கடைங்கள்ல யானை படம் போட்ட பேன்ட் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கலாம். ஆனா கேட் பக்கத்துல விலையும் ஜாஸ்தி, மாத்தறதுக்கு இடமும் கஷ்டம், அதுக்குள்ள டூர் பஸ்ஸெல்லாம் வந்து இறங்கிடும், நீங்க சீக்கிரம் வந்ததுக்கு பலனே இல்லாம போயிடும். உள்ளயே வாடகைக்கு தருவாங்கன்னு பழைய வீடியோ எதையாவது பாத்துட்டு நம்பிப் போகாதீங்க.

செருப்பு: சட்டுன்னு கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும். கயிறு கட்டற ஷூ போட்டுட்டு வந்தவங்க சன்னதி வாசல்ல உக்காந்து அவுத்துட்டு இருக்கறத தினமும் பாக்கலாம்.

3. பைல என்ன இருக்கணும்

தண்ணி பாட்டில், குடை, தொப்பி, பாஸ்போர்ட். குடை மழைக்கு மட்டும் கிடையாது, அங்க இருக்கற தாய் மக்களே வெயிலுக்கு குடைதான் பிடிச்சிட்டுப் போவாங்க. மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் மழை எப்ப வேணா கொட்டும், அதுக்கும் ஆச்சு.

ஒரு சின்ன பைனாகுலர் வீட்ல இருந்தா எடுத்துட்டு வாங்க. மரகத புத்தர் சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான், அத ரொம்ப உசரத்துல அடுக்கடுக்கான தங்க பீடத்து மேல வச்சிருக்காங்க, கீழ உக்காந்து பாக்கறப்போ முகம் சரியா தெரியாது. உள்ள போட்டோ எடுக்கக் கூடாதுங்கறதால மொபைல்ல ஜூம் பண்ணி பாக்கற வழியும் கிடையாது.

காசு ரொக்கமா கொஞ்சம் வச்சுக்குங்க, படகுக்கும் தண்ணிக்கும் சில்லறை தேவைப்படும். பெரிய பையெல்லாம் ஹோட்டல்லயே விட்டுடுங்க.

4. போற வழி

இரண்டு நல்ல வழி இருக்கு. எனக்கு பிடிச்சது ஆத்து வழி. பிடிஎஸ்ங்கற பறக்கும் ரயில்ல சபான் தாக்சின் ஸ்டேஷன் இறங்கினா கீழயே சாத்தோன் படகுத்துறை, அங்கருந்து சாவ் பிரயா எக்ஸ்பிரஸ் படகு ஏறி தா சாங் துறைல இறங்கணும். காலைல டிராஃபிக்ல மாட்ட வேண்டியதில்ல, காத்தும் நல்லா இருக்கும், அரண்மனை கூரையெல்லாம் ஆத்துலருந்தே தெரிய ஆரம்பிக்கும். துறைலருந்து கேட்டுக்கு நடந்தா சில நிமிஷம்தான்.

படகுத்துறைல டூரிஸ்ட் படகுன்னு நாள் பாஸ் விக்கறவங்க முன்னாடியே நிப்பாங்க. ஒரே இடத்துக்குப் போய்ட்டு வர்றதுக்கு அது தேவையில்ல, ஆரஞ்சு கொடி கட்டின சாதாரண படகு போதும், டிக்கெட் ரொம்ப கம்மி.

இன்னொரு வழி எம்ஆர்டி மெட்ரோ ரயில் நீல லைன், சனாம் சாய் ஸ்டேஷன். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ஸ்டேஷன் அரண்மனைக்கு தெக்கு பக்கம் இருக்கு, டூரிஸ்ட் நுழையற விசெட் சாய்ஸ்ரீ கேட் வடக்கு பக்கம் நா பிரா லான் ரோட்டுல இருக்கு. அரண்மனை மதில் நாலு பக்கமும் சேத்து சுமார் 1,900 மீட்டர், அதனால ஸ்டேஷன்லருந்து வாட் போ கோயில தாண்டி மதில் ஓரமாவே இருபது நிமிஷம் போல நடக்கணும். வயசானவங்க கூட வந்தா படகு இல்ல கிராப் ஆப்ல கூப்பிடற டாக்ஸிதான் சரி. கிராப் போடறப்போ வெறும் கிராண்ட் பேலஸ்னு போடாம விசெட் சாய்ஸ்ரீ கேட்னு போடுங்க, இல்லன்னா வேற பக்கத்துல இறக்கிட்டுப் போயிடுவாங்க.

காலைல எட்டு மணிக்கு கேட் பக்கத்துல இருந்தீங்கன்னா தேசிய கீதம் கேக்கலாம். தாய்லாந்துல தினமும் காலைல 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் பொது இடத்துல போடுவாங்க, எல்லாரும் அப்படியே நின்னுடுவாங்க. நீங்களும் நில்லுங்க.

5. "இன்னிக்கு பேலஸ் மூடியிருக்கு" – இத நம்பாதீங்க

இத தனியா எழுதறேன், ஏன்னா பல வருஷமா நடந்துட்டு இருக்கற ஏமாத்து வேலை இது, இன்னமும் ஆளுங்க விழறாங்க.

மதில் ஓரமா நீங்க நடந்து போறப்போ நல்லா டிரெஸ் பண்ணின ஒருத்தர் ரொம்ப மரியாதையா வந்து எந்த ஊருன்னு கேப்பார். அப்புறம், இன்னிக்கு புத்தர் விசேஷம், பிக்குகள் பிரார்த்தனை பண்றாங்க, மதியம் ஒரு மணிக்குதான் திறப்பாங்க, அதுவரைக்கும் வேற நல்ல கோயில் இருக்கு, இந்த டுக் டுக் ஆட்டோ வெறும் இருபது பாட் (தாய் பணம்) வாங்கிட்டு எல்லாத்தையும் சுத்திக் காட்டும்னு சொல்வார். ஏறினா ரெண்டு கோயில் காட்டிட்டு கடைசில ரத்தினக் கல் கடைலயோ கோட்டு தைக்கற கடைலயோ கொண்டு போய் விடுவாங்க, அங்க வாங்கற வரைக்கும் விடமாட்டாங்க, டுக் டுக்காரருக்கு அங்க கமிஷன்.

இதுக்கு ஒரே விதி. திறந்திருக்கா மூடியிருக்காங்கறத கேட் வாசல் வரைக்கும் போய் யூனிஃபார்ம் போட்டவங்ககிட்ட மட்டும் கேளுங்க, ரோட்டுல சொல்றது யாரா இருந்தாலும் சிரிச்சிட்டு நடந்துடுங்க. சண்டை போட வேண்டாம், நின்னு பேசவும் வேண்டாம், நின்னீங்கன்னா பேச்சு வளரும்.

பக்கத்து சனாம் லுவாங் மைதானத்து ஓரமா புறாவுக்கு போடுங்கன்னு தானியத்த கைல திணிச்சா வாங்காதீங்க, அப்புறம் காசு கேட்டு விடமாட்டாங்க. எதாவது பெரிய பிரச்சனைன்னா டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155.

6. கேட், டிக்கெட்

கேட்ல டிரெஸ் பாத்து, பை செக் பண்ணி விடுவாங்க. உள்ள கொஞ்ச தூரம் நடந்தா டிக்கெட் கவுன்ட்டர். வெளிநாட்டுக்காரங்களுக்கு 500 பாட், தாய் மக்களுக்கு இலவசம், 120 சென்டிமீட்டருக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்கும் இலவசம். பெரிய தொகைதான், அதனாலதான் முழுசா பயன்படுத்துங்கன்னு சொல்றேன்.

டிக்கெட்ட பத்திரமா வச்சுக்குங்க. கோயில்ல நுழைஞ்சதும் தூக்கிப் போட்டுடறாங்க, ஆனா டெக்ஸ்டைல் மியூசியத்துக்கும் கோன் நாட்டியத்துக்கும் அதே டிக்கெட்டுதான்.

கோயிலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே டாய்லெட் போயிடுங்க, தண்ணியும் ரொப்பிக்குங்க. உள்ள போய் பாதில தேடினா சுத்தி வரணும், ஒரு தடவ வெளிய வந்துட்டா அதே டிக்கெட்ல திரும்ப விடமாட்டாங்க.

ஆடியோ கைடு வாடகைக்கு தர்றாங்க, தமிழ்ல கிடையாது. இங்கிலீஷ் வசதியா கேக்க முடிஞ்சா எடுங்க, குழந்தைங்களோட வந்தா வேண்டாம், அவங்க ஓடற ஓட்டத்துக்கு நின்னு கேக்க முடியாது.

7. உள்ள நுழைஞ்சதும் நேரா சன்னதிக்கு

நுழைஞ்ச உடனே கண்ணு கூசற மாதிரி தங்கமும் கண்ணாடியும் பீங்கானும் மின்னும், எல்லாரும் அங்கயே நின்னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க நிக்காதீங்க. போட்டோ அப்புறமும் எடுக்கலாம், ஆனா ஒன்பதரை மணிக்கு மேல பஸ் பஸ்ஸா குரூப் வந்துட்டா சன்னதிக்குள்ள உக்கார இடம் கிடைக்காது.

மரகத புத்தர் இருக்கற பெரிய கட்டடத்துக்கு உபோசத்னு பேரு. படிக்கு கீழ செருப்ப விட்டுட்டு, தொப்பி, கூலிங் கிளாஸ கழட்டிட்டு, மொபைல பைக்குள்ள போட்டுட்டு ஏறுங்க. உள்ள போட்டோ, வீடியோ ரெண்டும் கூடாது, காவலுக்கு ஆள் இருக்காங்க. வாசல்படில கால் வைக்காம தாண்டிப் போங்க.

உள்ள போனா நின்னுட்டே இருக்காதீங்க, தரைல உக்காருங்க. கால மடக்கி பின்னாடி வச்சுக்கணும், பாதம் புத்தர் பக்கம் நீட்டக் கூடாது. நம்ம ஊர்ல சாமி முன்னாடி கால் நீட்ட மாட்டோம் இல்லயா, அதே மரியாதைதான், ஆனா களைச்சுப் போய் உக்கார்றப்போ தன்னால கால் நீண்டுடும், குழந்தைங்கள பாத்துக்குங்க.

சிலை பச்சை ஜேடு வகை கல்லுல செஞ்சது. 1434-ல சியாங் ராய்ல கிடைச்சு, லாம்பாங், சியாங் மாய், அப்புறம் லாவோஸ்ல லுவாங் பிரபாங், வியன்டியன்னு போய், கடைசில 1784-ல முதலாம் ராமா கட்டின இந்தக் கோயிலுக்கு வந்துச்சு. வருஷத்துல மூணு தடவ, கோடை, மழை, குளிர்னு காலத்துக்கு ஏத்த மாதிரி தங்க உடை மாத்துவாங்க, அத மன்னரே நேர்ல வந்து செய்யறார். நீங்க போறப்போ எந்த உடைன்னு கவனிச்சுப் பாருங்க: மழைக்காலத்துல ஒரு தோள் திறந்திருக்கும், குளிர்காலத்துல தங்க வலை மாதிரி உடம்பு முழுக்க போர்த்தியிருக்கும்.

குறைஞ்சது பத்து நிமிஷம் உக்காருங்க. கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகினதுக்கு அப்புறம்தான் சுவர்ல இருக்கற புத்தர் கதை ஓவியமெல்லாம் தெரிய வரும். உள்ள வந்த வேகத்துல திரும்பிப் போறவங்க அந்த ஓவியம் இருந்ததையே பாத்திருக்க மாட்டாங்க.

வெளிய வந்ததும் கட்டடத்த ஒரு சுத்து சுத்துங்க. சுவரோட அடிப்பாகத்த சுத்தி நாகத்தப் பிடிச்சிட்டு நிக்கற கருடன் உருவங்கள் வரிசையா 112 இருக்கு. பக்கத்துல தாமரை மொட்ட தண்ணில நனைச்சு தலைல தெளிச்சுக்கற இடம் இருக்கும், தாய் மக்கள் செய்யறத பாத்து நீங்களும் செய்யலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வரிசைல மட்டும் நில்லுங்க.

இந்தக் கோயில்ல பிக்குகள் தங்கறதில்ல, இது அரச குடும்பத்தோட கோயில். அதனால மத்த இடம் மாதிரி பிக்குகிட்ட ஆசி வாங்கலாம்னு தேட வேண்டாம்.

8. அடுத்து மேல் மேடை, வெயில் ஏறறதுக்கு முன்னாடி

சன்னதிக்கு வடக்குல உயரமான ஒரு மேடை, அதுல மூணு கட்டடம் வரிசையா நிக்கும். மணி வடிவத்துல முழுக்க தங்க நிறமா இருக்கறது பிரா சீ ரத்தன சேதி, சேதின்னா இங்க ஸ்தூபி. நடுவுல கூரா நிக்கறது பிரா மொண்டாப், திரிபிடகம்ங்கற பௌத்த வேத நூலை வைக்கறதுக்காக கட்டின நூலகம். மூணாவது பிரசாத் பிரா தேப் பிதோன், சக்ரி வம்ச மன்னர்களோட சிலைங்க இருக்கற இடம். ஏப்ரல் 6 சக்ரி தினம் மாதிரி சில நாள் மட்டும்தான் இத பொதுமக்களுக்கு திறப்பாங்க.

மேடைல நிழலே கிடையாது, அதனாலதான் இத ரெண்டாவதா வைக்கறேன். பதினோரு மணிக்கு மேல இங்க நிக்கறது கஷ்டம், போட்டோவும் வெளுத்துப் போகும்.

மொண்டாப்புக்கு பின்னாடி கல்லுல செஞ்ச அங்கோர் வாட் மாடல் ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. கம்போடியா சயாமுக்கு (தாய்லாந்தோட பழைய பேரு) அடங்கின நாடா இருந்த காலத்துல நாலாம் ராமா இத செய்யச் சொன்னார், அடுத்த மன்னர் காலத்துல முடிஞ்சது. கம்போடியா போற திட்டம் இருந்தா இங்க ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, அந்தக் கோயிலோட அமைப்பு மேலருந்து பாத்தா எப்படி இருக்கும்னு இங்க நல்லா புரியும்.

பாதி மனுஷி பாதி பறவையா தங்க கின்னரி சிலைங்க, சேதிய தாங்கிப் பிடிச்சிட்டு நிக்கற குரங்கு, அரக்கர் உருவங்கள், இதெல்லாம் நின்னு பாருங்க. தாங்கற உருவங்கள்ல யாரு குரங்கு யாரு அரக்கன்னு காலப் பாத்தா தெரியும், குரங்குங்க செருப்பு போடாது, அரக்கர்ங்க போட்டிருப்பாங்க. குழந்தைங்களுக்கு இத சொல்லிட்டா அடுத்த அரை மணி நேரம் அவங்களே தேடிட்டு இருப்பாங்க.

9. வெயில் ஏறினதும் சுவர் ஓவியம்: நமக்குன்னே இருக்கற இடம்

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கன்னு யாரு கேட்டாலும் சொல்வேன். கோயில் வளாகத்த சுத்தி நாலு பக்கமும் கூரை போட்ட பிராகாரம், அதோட சுவர் முழுக்க ராமாயணம். 178 காட்சி, தாய் ராமாயணமான ராமகியன் கதை முழுசும். வெளிநாட்டு டூரிஸ்டுக்கு கைடு உக்காந்து விளக்க வேண்டிய கதை நமக்கு பாட்டி சொல்லி தெரியும், அத வச்சுட்டு நாம சும்மா தாண்டிப் போறது எனக்கு மனசு கேக்காது.

பெரிய தப்பு எதுன்னா, கண்ட இடத்துல ஆரம்பிக்கறது. எங்கயோ ஒரு போர்க் காட்சில ஆரம்பிச்சா எல்லாம் ஒரே கலர் கூட்டமா தெரியும். கதை வடக்கு வாசல்ல, பீங்கான் பதிச்ச பிரா விஹான் யோட் மண்டபத்துக்கு எதிர்ல தொடங்குது. அங்க போய், சுவர் உங்க இடது கைப் பக்கம் வர்ற மாதிரி, பிரதட்சிணமா நடங்க. முதல் காட்சில ஜனகர் சீதைய கண்டெடுக்கறார், அது தெரிஞ்சா சரியான இடத்துலதான் நிக்கறீங்க.

ஆள அடையாளம் கண்டுபிடிக்க நிறம்தான் வழி. பச்சை உடம்பு ராமன், இங்க பிரா ராம். பொன் நிறம் லட்சுமணன், பிரா லக். வெள்ளை குரங்கு அனுமன், சிவப்பு குரங்கு சுக்ரீவன், பச்சை குரங்கு அங்கதன். தலை மேல தலையா அடுக்கி பச்சை அரக்க முகத்தோட இருக்கறது ராவணன், இங்க தோட்சகான்னு சொல்லணும். விபீஷணன் பிபேக், கும்பகர்ணன் கும்பகான்.

நமக்குத் தெரிஞ்ச கதைலருந்து மாறற இடங்கள்தான் சுவாரஸ்யமே. இங்க சீதை ராவணனோட சொந்த மக, பொறந்தப்போ அபசகுனம்னு பேழைல வச்சு விட்டுடறாங்க. அனுமன் இங்க பிரம்மச்சாரி கிடையாது, சேது கட்டறப்போ கல்லையெல்லாம் மீன்கள் எடுத்துட்டுப் போக, அதுக்குத் தலைவியா வர்ற சுவன்னமச்சாங்கற மீன் பெண்ணோட காதலாகி ஒரு மகனும் பொறக்கறான். அந்த மீன் பெண் ராவணனோட மகள். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது முதல்ல ஒரு மாதிரி இருக்கும், முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

கட்டாயம் தேட வேண்டிய காட்சி ஒண்ணு இருக்கு. மையராப் ராமனைத் தூக்கிட்டுப் போகாம இருக்க அனுமன் பெரிசா வளந்து ராமன் தங்கியிருக்கற கூடாரத்தையே வாய்க்குள்ள வச்சு காவல் காக்கறான். ஆமா, நம்ம தெருக்கூத்துல வர்ற மயில்ராவணன் கதையேதான். அத பாங்காக் அரண்மனைச் சுவர்ல தங்க ரேக்கோட பாக்கறப்போ நின்னுடுவீங்க.

178-ஐயும் பாக்க முடியாது. வடக்குலருந்து ஆரம்பிச்சு மெதுவா போங்க, கால் வலிச்சா திண்டுல உக்காருங்க, நிழல், காத்து ரெண்டும் இருக்கும். சுவர தொடாதீங்க, பையும் உரசக் கூடாது. காத்துப் பட்டு ஈரம் பட்டு கெட்டுப் போகுதுன்னு திரும்பத் திரும்ப வரைஞ்சு சரி பண்ணிட்டே வர்ற ஓவியம் அது.

பிராகாரத்து வாசல்கள்ல ரெண்டு ரெண்டு பேரா பெரிய அரக்கர் சிலைங்க, மொத்தம் ஆறு ஜோடி. அதுல பச்சையா நிக்கறது தோட்சகான், கூட வெள்ளையா நிக்கறது சஹத்சதேசா. இவங்க இந்தக் கோயில காக்கறவங்க. ராவணன் புத்தர் கோயிலுக்கு காவல் நிக்கறத குழந்தைங்களுக்கு காட்டுங்க, அதுங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்லிட்டே அடுத்த இடத்துக்குப் போயிடலாம்.

10. அரண்மனைப் பக்கம்

கோயில விட்டு வெளிய வந்தா அரண்மனை முற்றம். இங்க வர்றப்போ பாதி பேர் களைச்சுப் போய் நேரா வெளிய போற வழியப் பாப்பாங்க. அதனாலதான் பிராகாரத்துல உக்காந்து எழுந்து வாங்கன்னு சொன்னேன்.

முதல்ல வர்றது பிரா மஹா மொந்தியன் கட்டடங்கள், அதுல அமரின் வினிச்சாய் தர்பார் மண்டபம். வார நாள்ல உள்ள விட்டா கண்டிப்பா போங்க, படகு வடிவத்துல ஒரு சிம்மாசனம் இருக்கு. போட்டோ கூடாது. பட்டாபிஷேகம் மாதிரி சடங்குகள்ல இன்னமும் அரசவை பிராமணர்கள் பங்கு எடுத்துக்கறாங்க. அவங்க வழக்கத்துல மார்கழி, தை ஒட்டி வர்ற ஒரு விழாவுல நம்ம திருவெம்பாவை இன்னமும் ஓதப்படுது, உச்சரிப்பு ரொம்ப மாறிப் போயிருக்கு. அந்த விழா நடக்கற பிராமணர் கோயில் இங்கருந்து கொஞ்ச தூரத்துல பெரிய ஊஞ்சல் கம்பம் பக்கத்துல இருக்கு, நேரம் இருந்தா போய்ட்டு வாங்க.

அடுத்தது சக்ரி மஹா பிரசாத். கீழ முழுக்க ஐரோப்பிய மாளிகை, மேல தாய் கோபுரக் கூரை. ஐந்தாம் ராமா 1876-ல ஆரம்பிச்சு பாங்காக் தலைநகரமாகி நூறு வருஷம் ஆன 1882-ல முடிச்சார், வடிவமைச்சது ஜான் கிளூனிச்ங்கற ஆங்கிலேயர். உள்ள விடறதில்ல. வாசல்ல சிலை மாதிரி நிக்கற காவலர்கூட போட்டோ எடுக்கலாம், தொடக் கூடாது, துப்பாக்கி பக்கம் கை போகவே கூடாது.

கடைசியா துசித் மஹா பிரசாத். முதலாம் ராமா கட்டின பழைய மண்டபம் 1789-ல இடி விழுந்து எரிஞ்சு போனதால அந்த இடத்துல கட்டினது. என் கண்ணுக்கு இந்த வளாகத்துலயே அளவு சரியா அமைஞ்ச கட்டடம் இதுதான். பக்கத்துல மதிலை ஒட்டி இருக்கற சின்ன மண்டபத்தையும் பாருங்க, மன்னர் பல்லக்குல ஏற இறங்க கட்டினது.

உள் அந்தப்புரப் பகுதிக்கு பொதுமக்கள விடமாட்டாங்க. கயிறு கட்டியிருந்தா அதோட திரும்பிடுங்க.

மன்னரப் பத்தியோ அரச குடும்பத்தப் பத்தியோ கிண்டலா ஒரு வார்த்தை கூட பேசாதீங்க, சோஷியல் மீடியாலயும் போடாதீங்க. 112-ஆவது சட்டப் பிரிவுல ஒரு குற்றத்துக்கு 3-லருந்து 15 வருஷம் சிறை, வெளிநாட்டுக்காரங்களுக்கும் அதே சட்டம்தான்.

11. டெக்ஸ்டைல் மியூசியமும் கோனும்

வெளிய போற முன்னாடி குயின் சிரிகித் டெக்ஸ்டைல் மியூசியம். ஏசி இருக்குங்கறதுக்காகவே பல பேர் போறாங்க, ஆனா பட்டு நெசவு தெரிஞ்ச வீட்டுல பொறந்தவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கோன் முகமூடி நாட்டியம், அரண்மனைக்கு வெளிய இருக்கற சாலா சலெர்ம்குருங் தியேட்டர்ல நடக்கும். ராமகியன் கதையோட ஒரு பகுதிய கொஞ்ச நேரத்துல காட்டுவாங்க. நேரத்தையும் வண்டி எங்கருந்து கிளம்புதுங்கறதையும் டிக்கெட் வாங்கறப்பவே கேட்டுடுங்க, வெளிய வந்ததுக்கு அப்புறம் கேட்டா பல தடவ வண்டி போயிருக்கும். ஓவியத்துல பாத்த அதே நிறம், அதே முகம் மேடைல நடமாடும், அதனால ஓவியம் முதல்ல, கோன் அப்புறம்.

12. மீதி நாள்: வாட் போ, வாட் அருண்

நிறைய பேர் மூணையும் ஒரே நாள்ல பாக்கணும்னு தலைகீழா ஆரம்பிக்கறாங்க. பேலஸ்தான் சீக்கிரம் மூடும், அதனால அது முதல்ல. சாப்பிட்டுட்டு தெக்கால நடந்தா வாட் போ, 46 மீட்டர் நீள சயன புத்தர். அங்கருந்து தா தியன் படகுத்துறைக்குப் போய் எதிர்க்கரைக்கு படகு ஏறினா வாட் அருண், அது சாயங்கால வெயில்ல பாக்க வேண்டிய கோபுரம், படி செங்குத்தா இருக்கும், முட்டி வலி இருக்கறவங்க கீழயே நின்னு பாத்தா போதும். ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட்.

இவ்வளவு நேரம் கிடையாது, ரெண்டு மணி நேரம்தான் இருக்குன்னா வாட் போ, வாட் அருண் ரெண்டையும் இன்னொரு நாளைக்கு விட்டுடுங்க. சன்னதி இருபது நிமிஷம், மேடை இருபது நிமிஷம், ஓவியத்துல வடக்கு வாசல்லருந்து ஒரு பக்கம் முழுசா, அப்புறம் துசித் மஹா பிரசாத். சக்ரி மாளிகைய நடந்துட்டே பாத்துக்கலாம். கடைல புத்தர் சிலை வாங்கறதா இருந்தா அனுமதிப் பத்திரம் இல்லாம நாட்ட விட்டு எடுத்துட்டுப் போக முடியாது, விக்கறவங்ககிட்ட அத கேட்டுட்டு காசு கொடுங்க.